அறுபதுக்குப் பிறகும் ஊசி உண்டு

சோலூர்ப் பக்கம் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவரிடம் கையைக் காட்டச் சொல்லுங்கள். கம்பளியை விலக்கி ரவிக்கையின் கையைச் சற்றே தூக்கினால், தோளுக்குக் கீழே காசு அளவில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். அம்மை குத்தின தழும்பு அது. ஊருக்கு வந்த ஆள் பல் வைத்த சிறு சில்லைத் தோலில் அழுத்தித் திருகியது, அழுதது, புண் பொருக்குத் தட்டி உதிரும்வரை குளிக்க விடாதது எல்லாமே அவர்களுக்கு நினைவிருக்கிறது. இந்தியாவில் பெரியம்மை கண்ட கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் பதிவானார். அதோடு அந்த ஊசியும் சில ஆண்டுகளில் நின்றது.

"அதற்குப் பிறகு என்ன ஊசி போட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்: "கொரோனா ஊசி." இடையில் நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல். கவாத்துக் கத்தி பட்டபோதோ முள்வேலி கிழித்தபோதோ போட்ட டி.டி. ஊசியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இனி போட வேண்டியது எது என்று கேட்டால், கேள்வியே தப்பு என்பதுபோலப் பார்ப்பார்கள். "நமக்கெல்லாம் எதுக்கு? அது குழந்தைகளுக்குத்தானே."

அந்த நினைப்பு அவர்களாக உண்டாக்கிக்கொண்டதல்ல. நம் சுகாதார அமைப்பு நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். 1978-ல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் வந்தது. 1985-ல் அது தேசிய அளவிலான அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக வளர்ந்தது. பெயரில் 'அனைவருக்கும்' என்று இருந்தாலும் அட்டவணை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியது. போலியோவை ஒழித்தது, தொண்டை அடைப்பானைக் குறைத்தது, பிறந்த குழந்தையின் வில்வாத ஜன்னியை விரட்டியது அந்தத் திட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி நாளன்று துணை சுகாதார நிலையத்துக்குப் போகும் பாட்டிக்கு, 'உங்களுக்கும் ஒன்று இருக்கிறது' என்று சொல்ல அங்கே அட்டவணை கிடையாது.

விளைவை ஒரு பெரிய ஆய்வு எண்ணிப் பார்த்திருக்கிறது. 2017-18-ல் இந்தியா முழுவதும் நடந்த முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். 45 வயதைத் தாண்டியவர்களில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 1.5 சதவீதம். நிமோனியா ஊசி போட்டவர்கள் சுமார் 0.6 சதவீதம், அதாவது இருநூறு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினால் ஒருவர்.

சோலூர் இருப்பது ஊட்டிக்கு வடமேற்கே, மலை முதுமலைப் பக்கம் சரியத் தொடங்கும் விளிம்பில். படகர் ஹட்டிகள், கோத்தர்களின் கோக்கால், பக்கத்தில் தோடர் மந்துகள், தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு என்று கலந்த ஊர். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும், மார்கழி தையில் புல்வெளி வெள்ளையாக உறையும். வயதானவர்களின் நெஞ்சுக்கு ஆண்டில் பாதி நாள் சோதனைதான். இதே மாவட்டத்தில், இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான், குன்னூர் பாஸ்டியர் நிலையம் நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தடுப்பு மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த நிலையம் பிறந்த கதை ஒரு சாவில் தொடங்குகிறது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது தென்னிந்தியாவில் அதற்கு ஊசி கிடையாது. 1900-ல் தொடங்கிய நிலையம் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இருந்தது, ரயிலேறி நாட்டின் மறுகோடிக்குப் போகவேண்டும். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து 1907-ல் குன்னூரில் நிலையம் எழுந்தது. பின்னாளில் குழந்தைகளுக்கான முத்தடுப்பு மருந்தும் இங்கே தயாரானது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வயதானவர்களுக்குத் தடுப்பூசி பற்றித் தெரியாது என்பது முழு உண்மை அல்ல. தெரியும், ஆனால் தெரிந்தது பழசாகிவிட்டது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது அவர்கள் மனதில் ஆணி அடித்தாற்போல இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து இந்தியாவில் 2004-ஓடு முடிந்துபோனது. இன்று அரசு மருத்துவமனையில் கையின் தோலில் மெல்லிய ஊசி, கடித்த நாளிலும் 3, 7, 28-ஆம் நாட்களிலும், காசில்லாமல் போடுகிறார்கள். அந்தப் பதினான்குக்குப் பயந்து, நாய் பிராண்டியதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மஞ்சளை வைத்து அமுக்கும் தாத்தாக்கள் இன்றும் இருக்கிறார்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அன்றே ஊசிக்குப் போக வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. முதியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது புதிய ஊசியைப் பற்றி அல்ல, பழைய ஊசி மாறிவிட்டது என்பதைத்தான்.

2021-ன் கொரோனா ஊசியை நினைத்துப் பார்ப்போம். நம் ஊரில் முதியவர்களை முதல் வரிசையில் நிறுத்தி ஊசி போட்ட ஒரே பெரிய முயற்சி அது. மார்ச் 1 அன்று 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொடங்கியது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். தமிழ்நாட்டில் அந்தச் செய்தி நுழையாத வீடே இல்லை. ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக் குழு சொன்னது, பல மாதம் கழித்து. பயம் ஒரே நாளில் மலையேறி வந்துவிட்டது, பதில் வந்து சேர மாதங்கள் பிடித்தன. நம் தடுப்பூசிச் சேவைகளின் உண்மையான பலவீனம் அந்த இடைவெளிதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியிருந்தும் நீலகிரி எழுந்து நின்றது. தயக்கம் அதிகமிருந்த பழங்குடி ஊர்களில், அந்த ஜூன் மாதம் முடிவதற்குள் 18 வயது நிரம்பிய ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் தவணை போய்ச் சேர்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள், அவர்கள் மொழி தெரிந்த பணியாளர்கள் போனார்கள், தன்னார்வ அமைப்புகள் கூடவே நடந்தன, ஊசிப் பெட்டி மக்களிருக்கும் இடத்துக்கு வந்தது. சில மாதம் கழித்து, செப்டம்பரில், டாஸ்மாக் கடைக்கு வருபவர்கள் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. வற்புறுத்தலால் வந்த கூட்டமும் உண்டு. ஆனால் மூத்தவர்களின் மனதில் நின்றது, வீட்டுக்கு அருகே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போட்ட ஊசி.

இனி திருப்தியைப் பற்றி. சேவை எப்படி இருந்தது என்று வயதானவர்களிடம் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "நல்லாத்தான் பாத்தாங்க." அதை அப்படியே எழுதிக்கொண்டு போகக்கூடாது. என் பெரியம்மா ஒருமுறை முகாமுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "எப்படிப் பெரியம்மா இருந்தது?" என்றேன். "தங்கமான புள்ளைங்க, உக்கார வச்சுப் போட்டாங்க சாமி" என்றார். என்ன ஊசி என்றேன். தெரியவில்லை. எதற்கு என்றேன். "ஒடம்புக்கு நல்லதுன்னாங்க." அடுத்த தவணை உண்டா என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேடினார், சீட்டைக் காணோம். அன்று இரவு காய்ச்சல் அடித்தபோது யாரைக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டால் போவீர்களா என்றதற்கு, பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

நன்றியும் திருப்தியும் வேறு வேறு. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் ஒரு நாற்காலி போட்டாலே நன்றி வந்துவிடும். திருப்தியை அளக்க வேண்டுமானால் வேறு கேள்விகள் வேண்டும்: என்ன ஊசி போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, எவ்வளவு நேரம் நின்றீர்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடச் சொன்னார்கள், அடுத்த தடவை வருவீர்களா?

காத்திருப்பையே எடுத்துக்கொள்வோம். கொரோனா நாட்களில் வந்தவர்களைப் 'பத்துப் பேர் சேரட்டும்' என்று உட்கார வைத்ததில் பலருக்கும் கோபம். காரணம் மிக எளிது. கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்தில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். மூன்று பேருக்காகத் திறந்தால் ஏழு பேருடைய மருந்து வீண். இதை அந்த நர்சம்மா குப்பியைக் கையில் தூக்கிக் காட்டி அரை நிமிஷம் சொல்லியிருந்தால், காத்திருந்தவர்களே பக்கத்து வீட்டுக்காரரைப் போய் அழைத்து வந்திருப்பார்கள். இரண்டாம் தவணை இடைவெளி 2021 மே மாதத்தில் 12 முதல் 16 வாரமாக மாறியதும் அப்படித்தான். சீட்டில் எழுதிய தேதியை நம்பி, கூலியை விட்டு, பஸ் பிடித்து வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. காரணம் மருத்துவ ரீதியில் சரி, சேதி மட்டும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. சான்றிதழோ பேரனின் கைப்பேசி எண்ணில் பதிவாகி, பேரன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதோடு போனது.

சரி, அறுபதுக்கு மேல் என்னென்ன ஊசி, ஏன்?

வயதாக ஆக, நோயை அடையாளம் கண்டு எதிர்க்கும் அணுக்கள் புதிதாக உருவாவது குறைகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கிப்போவது இதற்கு ஒரு காரணம். பழைய நோய்களைப் பற்றிய நினைவும் மங்கும். சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு, பல வருஷ விறகுப் புகை எல்லாம் சேர்ந்தால், இருபது வயதில் மூன்று நாள் படுக்க வைத்த காய்ச்சல் எழுபதில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்.

ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒருமுறை. வைரஸ் தன் மேல்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஊசியின் கலவையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி அதை முடிவு செய்கிறது. சோலூரைப் போல ஜூனிலேயே மழை தொடங்கும் இடத்தில், மே மாதத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது. உடம்பு தயாராக இரண்டு வாரம் பிடிக்கும். 'ஊசி போட்டா ஃப்ளூவே வந்துடும்' என்பது தப்பு. கையில் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஒரு நாள் உடம்பு வலி இருக்கலாம், அது உடம்பு வேலை செய்வதன் அடையாளம். இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு கண்டது. சளிக்காய்ச்சல் நெஞ்சு வரைக்கும்தான் போகும் என்று நினைக்கிறோம், அது இதயத்தையும் தொடுகிறது.

நிமோனியா ஊசி வேறு. அது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது, வருடா வருடம் வேண்டாம். எந்த வகை ஊசி என்பதைப் பொறுத்து ஒன்றோடு முடியலாம், அல்லது சில காலம் கழித்து வேறு வகை ஒன்று சேர்க்க வேண்டியிருக்கலாம். அதனால்தான் ஊசியின் பெயரை எழுதி வாங்குவது அவசியம். குழந்தைகளுக்கு 2021-லிருந்து தமிழ்நாட்டில் இது இலவசம்.

மூன்றாவது, அக்கிக்கான ஊசி. இதைச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் வியந்துபோவார்கள், ஏனென்றால் அக்கி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய். இடுப்பைச் சுற்றியோ நெற்றியின் ஒரு பக்கமாகவோ கொத்துக் கொத்தாகக் கொப்புளம், நெருப்பு வைத்தாற்போல எரிச்சல். தமிழ்நாட்டின் பல ஊர்களில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணைக் குழைத்து 'அக்கி எழுதிக்' கொள்வது வழக்கம். மண்ணின் குளிர்ச்சி சற்று இதமாக இருக்கும், நோயைத் தடுக்காது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான் இது. குணமான பிறகும் நரம்பின் வேரில் ஒளிந்து கிடந்து, எதிர்ப்பு சக்தி தளரும் வயதில் அந்த நரம்பின் வழியே வெளிவருகிறது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாக வருவதற்குக் காரணம் இதுதான். கொப்புளம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்பது உண்டு. சேலை முந்தானை உரசினாலே துடிக்கும் வலி அது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் நோய் மட்டுப்படும், கண்ணருகே வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கான ஷிங்க்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை.

இந்த மூன்றும் முதியவர்களுக்குப் பொதுவாக இலவசமாகக் கிடைப்பதில்லை. தனியாரில் ஃப்ளூவுக்கு ஆயிரத்துக்கு மேல், நிமோனியாவுக்குச் சில ஆயிரம், அக்கிக்கு ஒரு தவணையே பத்தாயிரம் வாக்கில் ஆகிறது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஒரு வருஷத் தொகை முழுவதையும் சேர்த்தாலும் அக்கி ஊசி இரண்டு தவணைக்குப் போதாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கோ இன்னொரு இழப்பு. வேலையில் இருக்கும்வரை, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வந்த எஸ்டேட் டிஸ்பென்சரி உண்டு. ஓய்வு பெற்றதும் அந்த உரிமையின் பிடி தளர்கிறது, சரியாக உடம்பு தளரத் தொடங்கும் வயதில். விழிப்புணர்வு இல்லை என்று முதியவர்கள்மேல் பழி போடுமுன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வாங்க முடியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்கள்? ஃப்ளூ, நிமோனியா ஊசிகளையாவது நோயாளிகளான முதியவர்களுக்கு அரசே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் 65 வயதானால் இவை இரண்டும் இலவசம்.

டி.டி. பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது அது வில்வாத ஜன்னிக்கு மட்டுமான பழைய டி.டி. அல்ல, அதோடு தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் கலவை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். நீலகிரியில் இதற்கு ஒரு விசேஷ எதிரி உண்டு: உறைபனி. தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெயில் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அலுமினிய உப்பு கலந்த இந்த வகை மருந்து உறைந்தாலும் கெட்டுப்போகும், மறுபடி உருக்கினாலும் பயன்படாது. அதனால் கிராம சுகாதாரச் செவிலியர் காலையில் ஐஸ் பேக்கை எடுத்ததும் பெட்டிக்குள் வைக்க மாட்டார். மேசைமேல் பரப்பி, அது வேர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருப்பார். நீங்கள் போனபோது பத்து நிமிஷம் தாமதமானால், அவர் இப்படி உங்கள் மருந்தைக் காத்துக்கொண்டிருக்கலாம்.

செய்தியைக் கொண்டுபோகப் புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் ஏற்கனவே வீட்டுப் படியேறி வருகிறார். தாத்தாவுக்கு எந்தக் காது கேட்கும், பாட்டிக்கு எந்த முட்டி வலி என்று அவருக்குத் தெரியும். அவர் கையில் முதியோர் தடுப்பூசி அட்டை ஒன்று கொடுத்தால் போதும், பெரிய எழுத்தில், தமிழில்.

அது வரும்வரை, வீட்டிலிருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடியது சில உண்டு. ஊசிக்கு முன் டாக்டரிடம் எல்லா நோயையும் மாத்திரையையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நர்சிடம் முன்கூட்டியே சொல்லி, போட்ட இடத்தை இரண்டு நிமிஷம் தேய்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடலாம். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், அதற்கு ஒரு பெஞ்சு கேட்டு வாங்குங்கள். கம்பளியும் ஸ்வெட்டரும் மூன்று அடுக்கு போட்டிருப்பவர்களுக்கு, அன்று மட்டும் கை எளிதாக மேலேறும் சட்டையை உள்ளே போட்டு அழைத்துப் போங்கள். குளிரில் நாலு பேர் முன்னால் பாதி உடையைக் களைவது பாட்டிகளுக்கு ஊசியைவிட வலி.

பிறகு சர்க்கரை, பிரஷர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கெட்டியாகத் தெரியும் பேனாவில் எழுதுங்கள்: ஊசியின் பெயர், எதற்கு, தேதி, எந்தக் கை, அடுத்தது எப்போது, காய்ச்சல் வந்தால் கூப்பிட வேண்டிய எண். அந்த நோட்டை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வையுங்கள். மழையில் எல்லாம் நனைந்தாலும் அந்த உறை மட்டும் நனைவதில்லை.